நாய்க்காரி கமலாசனி

கமலாசனிக்கு "நாய்க்காரி" என்று பட்டம் வைத்தவர்கள் அதை ஒரு வசவாகத்தான் வைத்தார்கள். அவளோ அதை வாங்கித் தோடு மாதிரிக் காதில் போட்டுக்கொண்டாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர் "எந்தக் கமலாசனி?" என்று கேட்டால், "நாய்க்காரி எண்டு எழுதுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்" என்பாள். சொல்லிவிட்டுப் பின்னால் நின்று சிரிப்பவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அங்கே அரிசி நிறுக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

உடையார்கட்டுப் பக்கத்தில், குளத்துக்குக் கீழே மூன்றாம் வாய்க்கால் ஓரமாக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இருபத்திரண்டு குடும்பங்கள் காடு வெட்டிக் கமம் செய்துகொண்டிருந்தன. கமலாசனியும் புருஷன் பரமலிங்கமும் சரசாலையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வந்த கதையே அவள் சொன்ன ஒரு "மாட்டன்" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. தமையன் ஒரு கிளாக்கர் மாப்பிள்ளையைப் பேசி, சீதனத்துக்குத் தோட்டக் காணியையும் ஒதுக்கி, நாளும் குறித்த பிறகு அவள் "மாட்டன்" என்றாள். பக்கத்துத் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பரமலிங்கத்தைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தமையன் தங்கையை விட்டுக்கொடுத்தார், காணியை விட்டுக்கொடுக்கவில்லை. காணியில்லாதவர்களுக்கு வன்னியில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு றங்குப்பெட்டி, இரண்டு மண்வெட்டி, ஒரு பசுவோடு வந்து இறங்கினார்கள்.

பரமலிங்கம் நல்ல மனிதர். ஒரு நாளைக்கு இத்தனை சொல்லுக்கு மேல் பேசுவதில்லை என்று யாருக்கோ சத்தியம் செய்து கொடுத்தவர் போல இருப்பார். மிச்சம் வைத்த சொற்களையெல்லாம் கமலாசனி பேசி முடித்தாள்.

அறுத்துக் குவித்த நெற்சூட்டை மாடு விட்டு மிதிக்கிற களத்துக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை, வைத்தால் பொலி குறைந்துவிடும் என்பது அங்கே எல்லாரும் மதித்த ஒரு கட்டுப்பாடு. அவர்கள் வந்த மூன்றாம் வருஷம், சூட்டைப் பிரித்து மாடு வளைத்த நேரம் பார்த்து மேற்கே வானம் கறுத்தது. நாலு ஆம்பிளைகள் களத்தில் நின்று நெல்லை மூடுகிற படங்கை எந்தப் பக்கத்தால் இழுப்பது என்று ஆலோசனை செய்துகொண்டிருந்தார்கள். கமலாசனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், படங்கை இழுத்து நெல்லை மூடி, அது காற்றில் பறக்காமல் மேலே ஏறி உட்கார்ந்தாள். மழை விடும்வரை இறங்கவில்லை. அடுத்த போகம் விளையாது என்று ஊர் சொன்னது. அடுத்த போகம் எல்லா வருஷமும் போலத்தான் விளைந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்காக ஊர் அவளை மன்னித்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

நாயின் விஷயம் நடந்தது 1959ஆம் ஆண்டில். குளக்கட்டைத் திருத்த வந்த எஞ்சினியர் ஒருவர், பறங்கித் துரை, குளத்தடிப் பங்களாவில் இரண்டு வருஷம் இருந்தார். வேலை முடிந்ததும் முந்தின வருஷப் புரட்டாதியிலேயே குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அலுமாரிக்கும் கதிரைகளுக்கும் பியானோவுக்கும் லொறி வந்தது. நாய்க்கு வரவில்லை. பங்களா வாச்சர் தில்லைநாதனைக் கூப்பிட்டு, நாயை நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். தில்லைநாதனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குசினிக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தில் அதைச் சங்கிலியால் கட்டிவிட்டு, குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியக்காலையில் பங்களாவுக்குப் பால் கொண்டுபோகிறவள் கமலாசனி. துரை இருந்த நாளில் அவளுக்கு அந்த நாயைக் கண்ணில் காட்டக்கூடாது. முழங்கால் உயரம், கம்பி மாதிரி வெள்ளை மயிர், ஒரு காது மட்டும் கறுப்பு, வாயைச் சுற்றிக் கிழவனைப் போலத் தாடி. டெரியர் என்று ஒரு சாதியாம். பால் போத்தலை வைத்துவிட்டு அவள் படலை தாண்டும்வரை குலைத்துக்கொண்டே இருக்கும். "உந்தத் தாடியனுக்கு என்ன திமிர்" என்று அவளும் திருப்பிக் குலைத்துவிட்டுத்தான் போவாள். துரை போன பிறகும் அது மரத்தடியிலிருந்து குலைத்தது. பங்குனியில் ஒருநாள் சத்தத்தைக் காணவில்லை. அதுதான் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

பாலை மரத்தைச் சுற்றி, சங்கிலியின் நீளத்துக்கு, ஒரு வட்டம் தேய்ந்து கிடந்தது. வட்டத்துக்குள் புல் இல்லை. நாய் ஓரத்தில் கிடந்தது. மயிர் பாதி கொட்டி, சொறி பிடித்து, முதுகெலும்பை எண்ணலாம். மெலிய மெலியக் கழுத்துப்பட்டி கழன்று போகிறதென்று தில்லைநாதன் அதன்மேல் ஒரு கம்பியை முறுக்கிவிட்டிருந்தார். கம்பி தோலுக்குள் போய்விட்டது. கிட்டப் போனால் மூக்கைப் பொத்தவேண்டும்.

"என்ன உது?" என்றாள் கமலாசனி.

"அது இனிச் சாகப்போகுது அக்கா. ரெண்டு நாளா ஒண்டும் தின்னேல்லை," என்றார் தில்லைநாதன்.

"சாகப்போறதை ஏன் கட்டி வைச்சிருக்கிறீர்? எழும்பி ஓடிப்போடுமெண்டோ?"

"துரை வந்து கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"துரை கப்பலேறி ஆறு மாசம். கேக்கிறதெண்டால் என்னட்டைக் கேக்கச் சொல்லும். மூண்டாம் வாய்க்கால் கமலாசனி எண்டால் ஆரும் வீடு காட்டுவினம்."

சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தவளின் மணிக்கட்டை நாய் கவ்வியது. சாகப்போகிற நாயின் கடி என்று சொல்ல முடியாது, நாலு பல்லும் இறங்கிவிட்டன. அவள் கையை உதறவில்லை. அது தானாக விடும்வரை நின்றாள். "பல்லிலை பெலமிருக்கு. பிழைச்சிடும்" என்று சொல்லிவிட்டு, நாயை ஒரு சாக்கில் சுற்றி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் இரத்தம் ஒழுக, வாய்க்கால் தெரு முழுக்கப் பார்க்கத்தக்கதாக நடந்து வந்தாள். பால் போத்தல் பங்களாவிலேயே கிடந்தது.

நாய் கடித்தால் ஆசுபத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போடவேண்டும். கடித்த நாய் பத்து நாளைக்குச் சாகாமல் இருந்தால் விசர் இல்லை, பயமும் இல்லை. ஊசிக்கு முல்லைத்தீவுக்கு அலைவதைவிட நாயைச் சாகவிடாமல் வைத்திருப்பது சுகம் என்று கமலாசனி முடிவு செய்தாள். அது மடத்தனமான முடிவு. சரியாக வந்தது என்பதற்காக மடத்தனம் இல்லாமல் போய்விடாது. பரமலிங்கம் அந்தப் பத்து நாளும் விடிய எழும்பி, மனுஷியைப் பார்க்க முன்னம் நாயைத்தான் போய்ப் பார்த்தார்.

கம்பியை வெட்டியவரும் அவர்தான். கமலாசனி நாயைச் சாக்கோடு மடியில் அமர்த்திப் பிடிக்க, அவர் குறட்டின் வாயை இடையில் நுழைத்து மெல்ல மெல்ல நறுக்கினார். கம்பியோடு பட்டியும் தோலும் சேர்ந்து வந்தன. உள்ளே புழு. கற்பூரத்தைத் தூளாக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். உடம்பின் சொறிக்கு வேப்பெண்ணெயும் கந்தகமும். எல்லாம் முடிந்து கை கழுவும்போது பரமலிங்கம் அன்றைக்கான சொற்களைச் செலவழித்தார்.

"மாட்டைக்கூட ஒருத்தரும் இப்பிடிக் கட்டிவைக்காயினம்."

அடுத்த வில்லங்கம் சாப்பாட்டில் வந்தது. கமலாசனி வீடு சுத்த சைவம். சோற்றில் பருப்பை ஊற்றிக் குழைத்து வைத்தாள். நாய் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலில் தோய்த்த பாண் துண்டை நக்கியது, அதுவும் காணாது. துரை வீட்டு இறைச்சியில் வளர்ந்த உடம்பு. செவ்வாய்க்கிழமைகளில் முள்ளிவாய்க்காலிலிருந்து மீன்கடகத்தோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற யூலிற்றா, அந்தப் படலையை எப்போதும் கூவாமலேயே தாண்டிப்போகிறவள். அன்று கமலாசனி அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, வீடு மாறிக் கூப்பிடுறியளோ?" என்றாள் யூலிற்றா.

"இல்லை. மீன்தலை கிடக்கோ?"

யூலிற்றா கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நாய் கிடந்த மாட்டுக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் மூன்று நாலு தலையை வாழையிலையில் சுற்றித் தனியாக எடுத்து வைத்திருப்பாள்.

வளவின் கோடியில், வேப்பமரத்துக்குக் கீழே, வாய் உடைந்த ஒரு பானையில் கமலாசனி மீன்தலை அவித்தாள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் துழாவினாள். புகை போன பக்கமெல்லாம் கதையும் போயிற்று. பிள்ளையில்லாத குறைக்கு நாயை வளர்க்கிறாள், இனி அதற்குச் சோறூட்டித் தாலாட்டுவாள் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அவள் வாளியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை இருந்திருந்தாலும் வளர்த்திருப்பன். ரெண்டு பேருமாச் சேர்ந்து உங்களைக் கடிச்சிருப்பினம்."

அவளுக்கு அந்தக் கதை நோகவில்லை என்பது பொய். அன்று இரண்டு வாளி தண்ணீரையும் வழியெல்லாம் சிந்திக்கொண்டுதான் வந்தாள்.

மாதம் ஒன்று போக நாய் எழும்பி நடந்தது. நடந்தது என்றால், வட்டமாக நடந்தது. சங்கிலி இல்லை, மரம் இல்லை, ஆனாலும் கொட்டில் வாசலில் ஒரு நடுவைத் தானே வைத்துக்கொண்டு, பாலை மரத்தைச் சுற்றியது எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. மணலில் தடம் விழுந்துவிட்டது. கமலாசனி அதைப் பார்த்து முதல்முதலாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சாப்பாட்டுச் சிரட்டையை வட்டத்துக்கு ஒரு சாண் வெளியே வைத்தாள். நாய் விளிம்பில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, எட்டாமல் திரும்பியது. ஒரு சாண்தான். அந்த ஒரு சாணைக் கடக்க அதற்கு நாலு நாள் பிடித்தது. அடுத்த கிழமை இரண்டு சாண். ஆனி பிறக்கும்போது சிரட்டை கிணற்றடிக்குப் போயிருந்தது, நாயும் போயிருந்தது.

வீட்டிலிருந்த மற்றச் சீவன்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் அதற்குப் பாடம் எடுத்தன. செவலைப் பசு முதல் நாளே கொம்பைத் தாழ்த்திக் காட்டிவிட்டது. இரண்டு ஆடுகளையும் துரத்தலாமா என்று நாய் யோசித்த நேரம் கமலாசனி "ம்" என்று ஒரு சத்தம் போட்டாள், அது காணும். குட்டி போட்டிருந்த பூனை மூக்கில் பிறாண்டி, தன் எல்லை எது என்று காட்டியது. கிழட்டு ஊர்நாய் வீமன் மட்டும் மூன்று நாள் உறுமிவிட்டு, நாலாம் நாள் தன் சாம்பல் குழியில் பாதியை விட்டுக்கொடுத்துப் படுத்தது. பசுவின் கன்று செய்ததுதான் பெரிய வேலை. அதற்கு உப்பு ஆசை. கழுத்துப் புண் காய்ந்து வந்த நாளில், நாய் படுத்திருக்கும்போது பின்னால் வந்து, அந்த வளையத்தை நக்கத் தொடங்கியது. நாய் விறைத்துப் போய்க் கிடந்தது. கடிக்கவில்லை. கம்பி கிடந்த இடத்தை வேறொரு சீவன் தொட அது விட்டது அதுதான் முதல் தடவை.

ஆவணியில் தாடியன் தாடியோடு ஒரு முழு நாயாகிவிட்டான். கமலாசனி வாய்க்காலுக்குப் போனால் முன்னால் போவான், வயலுக்குப் போனால் வரம்பில் குந்தியிருப்பான். ஒன்றே ஒன்றுதான் மாறவில்லை. ஒருநாள் கன்றைக் கட்டக் கயிற்றை எடுத்தபோது நுனி தவறி அவன் கழுத்தில் பட்டது. நாய் அப்படியே மூத்திரம் விட்டு, கொட்டில் மூலைக்குப் போய், இரண்டு நாள் வட்டம் சுற்றியது. அன்றைக்கு அவள் பரமலிங்கத்திடம் சொன்னாள்: "இனி இந்த நாயின்ரை கழுத்திலை ஒரு நூலும் படாது. நான் உயிரோடை இருக்குமட்டும் படாது." பரமலிங்கம் தலையை ஆட்டினார்.

கட்டாத நாய் என்றைக்காவது வில்லங்கம் கொண்டுவரும் என்று சொல்லாதவர்கள் இல்லை. அது ஐப்பசியில் வந்தது.

பக்கத்து வளவு நடராசாவினுடையது. கமலாசனியைவிடப் பத்து வயது இளமை, கலகலப்பான மனிதர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சித்திரையில் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் வந்து, இருபது நாள் கண் திறக்காமல் கிடந்தது. பிள்ளை எழும்பினால் ஒரு சிவப்புச் சேவல் தருகிறேன் என்று வைரவருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை எழும்பியது. சேவலை நேர்ந்துவிட்டு, நெல்லும் தவிடும் போட்டு, அடுத்த மாத வேள்விக்கென்று வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சேவல் ஒருநாள் காலையில் வேலி பாய்ந்து வந்தது.

கமலாசனியும் பரமலிங்கமும் வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தாடியன் வரம்பு வழியாக ஓடி வந்து, வாயில் தூக்கி வந்ததை அவள் காலடியில் வைத்துவிட்டு, வாலை ஆட்டினான். சிவப்புச் சேவல். கழுத்து முறிந்திருந்தது. தான் செய்ததில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

கமலாசனி சேற்றுக் கையோடு அப்படியே நின்றாள். பசுவை, கன்றை, ஆட்டை, பூனையை, ஊர்நாயை எல்லாம் தொடாதே என்று பழக்கியவள் கோழியைப் பழக்கவில்லை. பழக்க வீட்டில் கோழி வேண்டாமா? சைவக்காரி வீட்டில் கோழி ஏது? மீன்தலை அவிக்கத் துணிந்தவளுக்கு, பக்கத்து வளவில் கொக்கரிக்கிற ஒன்று தன் நாயின் கண்ணில் என்னவாகத் தெரியும் என்ற நினைப்பே வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஒரு கோழியைக் கையால் தொட்டதில்லை. அன்று தொட்டாள். சேவலைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நாய் பின்னால் வர, நேரே நடராசாவின் படலைக்குப் போனாள். பரமலிங்கமும் போனார். வாய்க்கால் தெருவில் நின்ற எல்லாரும் கூடவே போனார்கள்.

நடராசா சேவலைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்றதைத்தான் கமலாசனியால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதபோது அவளுக்கு வாய் துடுக்காகிவிடும்.

"வைரவருக்கு நேர்ந்த சேவல் வைரவற்றை வாகனத்திட்டைப் போயிருக்கு தம்பி. எப்பிடியும் அடுத்த மாசம் நீர் வெட்ட இருந்ததுதானே."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நடராசாவின் கண் கலங்கியதை அவள் அதற்குப் பிறகுதான் கண்டாள். மகள் படலைக்குப் பின்னால், தகப்பனின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒட்டிய கன்னத்தோடு நின்றது. தான் சொன்னது எவ்வளவு கேவலமான கதை என்று கமலாசனிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் வாயைத் தானே வெறுத்தாள்.

"அக்கா," என்றார் நடராசா மெதுவாக. "நாயை அடிச்சுக் கொல்லுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. வழக்கம் என்னவோ அதைச் செய்யுங்கோ. சேவலை அதின்ரை கழுத்திலை கட்டுங்கோ. மூண்டு நாள். மாட்டன் எண்டால் என்னட்டைத் துவக்குக் கிடக்கு, நானே சுடுவன்."

கோழி பிடித்த நாய்க்கு அதுதான் அந்தக் குடியேற்றத்தில் தண்டனை. பிடித்த கோழியையே கழுத்தில் கட்டிவிடுவார்கள். அது அழுகி நாறி, நாய் தன் நாற்றத்திலிருந்து தானே ஓடி ஓடிக் களைக்கும். பிறகு கோழியைக் கண்டால் மறுபக்கம் திரும்பிப் படுக்கும் என்பார்கள். வேறு எந்த நாய்க்கும் அது நியாயமான தீர்ப்பு. நடராசா அநியாயம் ஒன்றும் கேட்கவில்லை. அது கமலாசனிக்கும் தெரியும். ஆனால் அந்தக் கழுத்தில் ஒரு கயிறு ஏறினால் மூன்று நாளில்லை, மூன்று நாழிகை போதும், நாய் திரும்பப் பாலை மரத்தடிக்குப் போய்விடும். பிறகு அதை ஒரு சிரட்டையாலும் வெளியே கொண்டுவர முடியாது.

"கழுத்திலை கட்டேலாது," என்றாள்.

"அப்ப துவக்குத்தான்."

"பொறும். நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லும். நாயைக் கட்டாமல் விட்டது ஆர்?"

"நீங்கள்."

"கோழியைத் தொடக்கூடாது எண்டு பழக்காமல் விட்டது?"

"நீங்கள்தான்."

"இப்ப உம்மடை பிள்ளைக்கு முன்னாலை நிண்டு வாய்க்கு வந்தபடி கதைச்சது ஆர்? நாயோ? குற்றமெல்லாம் என்ரை. அப்ப என்ரை கழுத்திலை கட்டும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா!"

"மூண்டு நாள் எண்டீர். மூண்டு நாள் போடுறன். ஊரெல்லாம் பாக்க, இந்தத் தெருவாலை போய்வாறன். பிறகு நாயைப் பற்றி ஒருத்தரும் கதைக்கப்படாது. கட்டும்!"

நடராசா இரண்டடி பின்னால் போனார். கூட்டத்தில் ஒருவரும் முன்னால் வரவில்லை. கமலாசனி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் கட்டுங்கோ."

பரமலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். இவளைக் கட்டியதிலிருந்து அவர் ஒன்றைப் படித்திருந்தார்: இந்த முகத்தோடு அவள் நிற்கும்போது ஒன்று உதவி செய்யவேண்டும், அல்லது விலகவேண்டும். அவர் விலகியதில்லை. வேலியில் கிடந்த தும்புக் கயிற்றை எடுத்து, சேவலின் காலைப் பிணைத்து, மனைவியின் கழுத்தில் போட்டார். முடிச்சுத் தோலில் உரஞ்சாமல் கயிற்றுக்குக் கீழே தன் தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்தார்.

முதல் நாள் ஊர் சிரித்தது. பிள்ளைகள் பின்னால் ஊர்வலம் போனார்கள். அவள் வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போய்த் திரும்பி, சங்கக்கடைக்கும் போய், உப்பும் தேயிலையும் வாங்கினாள். மனேச்சர் சாமானைத் தராசிலேயே விட்டுவிட்டுப் பின்கதவால் போய்விட்டார். தாடியன் முதலில் அந்தச் சேவலை மணக்கத் துள்ளித் துள்ளி வந்தான். அவள் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளும் அவனோடு பேசவில்லை. எதற்கும் ஒரு சத்தம் போடுகிற மனுஷி பேசாமல் இருந்தது நாய்க்கு உறைத்திருக்க வேண்டும். தூரத்தில் படுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. ஐப்பசிப் புழுக்கத்தில் அது எப்படி நாறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாமிசம் வாயில் வைத்தறியாத அந்த மனுஷி சோறு தின்னவில்லை, தேத்தண்ணியும் வயிற்றில் நிற்கவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடியும் தெருவில் இறங்கினாள். பசு அவளைக் கிட்ட விடவில்லை. பரமலிங்கம் பால் கறந்தார். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கொட்டிலில் படுத்தவளுக்கு, காவலுக்கு அவரும் வாசலில் பாயைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் செவ்வாய். யூலிற்றா படலையில் நின்று பார்த்துவிட்டு, "என்ரை மாதாவே" என்று கடகத்தை இறக்கினாள். "நான் மீன்காரி அக்கா, எனக்கே வயித்தைப் பிரட்டுது." நடந்ததைக் கேட்டதும், தன் வீட்டுச் சிவப்புச் சேவலொன்றை அடுத்த முறை கொண்டுவந்து நடராசாவிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வேதக்காரி வீட்டுச் சேவலை வைரவர் ஏற்பாரா என்று ஊரில் பெரிய வாக்குவாதம் நடந்தது. வைரவர் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் நடராசா வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"அவிழுங்கோ அக்கா. காணும். என்ரை பிள்ளை சாப்பிடமாட்டன் எண்டு அழுதுகொண்டிருக்கிறாள்."

"பிள்ளையைச் சாப்பிடச் சொல்லும். சொன்னது மூண்டு நாள். பொழுதுபட இன்னும் நேரம் கிடக்கு."

"நான்தான் விட்டிட்டன் எண்டு சொல்லுறனே!"

"நீர் விடலாம் தம்பி. நான் விடேல்லை. இரக்கத்திலை நீர் விட்டதெண்டால், நாளைக்குக் கோபம் வந்தால் திரும்பத் துவக்கைத் தூக்குவீர். முழுசாக் கழிச்சால்தான் கணக்கு முடியும். வெயிலுக்கை நில்லாமல் போம்."

பொழுது பட்டபிறகு பரமலிங்கம் கயிற்றை அறுத்து, சேவலை வாழைக்குக் கீழே ஆழமாகக் குழி தோண்டித் தாட்டார். அவள் வாய்க்காலில் இறங்கி, தேசிக்காயால் தேய்த்துத் தேய்த்து முழுகினாள். கயிறு கிடந்த இடத்தில், துண்டு வைத்தும் தோல் சிவந்திருந்தது.

மறுநாள் காலை நடராசா தன் முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. கமலாசனி உள்ளே வந்தாள். பின்னால் தாடியன். கயிறும் இல்லை, கையில் தடியும் இல்லை.

"என்னக்கா இது?"

"பழக்க வந்தனான். என்ரை வீட்டிலை கோழி இல்லை. உம்மடை வீட்டிலைதான் கிடக்கு."

"திரும்பப் பிடிச்சுதெண்டால்?"

"உம்மட்டைத் துவக்கிருக்கெண்டு சொன்னனீர். எடுத்துக்கொண்டு வந்து வைச்சிரும்."

அவர் எடுத்துக்கொண்டுதான் வந்தார். சொன்ன சொல்லை மதிக்கிற மனிதர். திண்ணைக் குந்தில் உட்கார்ந்து துவக்கை மடியில் வைத்துக்கொண்டார். கமலாசனி முற்றத்தின் நடுவே நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பிடிக்கப் போவதில்லை என்று நாய்க்கும் நடராசாவுக்கும் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கட்டினாள். கடவுளே, இந்த ஒருக்கால், இந்த ஒருக்கால் மட்டும் என்று மனம் கெஞ்சியது. வெளியே முகம் கல்லு மாதிரி இருந்தது.

கோழிகள் முதலில் சிதறின. பிறகு தவிட்டு ஆசையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாடியனின் உடம்பு முழுக்க நடுங்கியது. ஒரு பேடு குஞ்சுகளோடு அவன் மூக்குக்கு முன்னாலேயே வந்து கிளறத் தொடங்கியது. அவன் எழும்பினான். ஒரு அடி வைத்தான். நடராசாவின் கை துவக்கின்மேல் போனது. கமலாசனி வாய் திறக்கவில்லை. இன்னொரு அடி வைத்தான். பேடு தலையை நிமிர்த்திக் கொக்கென்றது.

தாடியன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

நாய் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பேட்டுக்கு முதுகு காட்டி, திரும்பி வந்து, மயிர் முளைக்காத அந்தக் கழுத்தை அவள் முழங்காலில் போட்டுக்கொண்டு படுத்தது. கமலாசனி பின்னால் கட்டிய கையை அவிழ்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அவனோடு பேசினாள். என்ன சொன்னாள் என்று நடராசாவுக்குக் கேட்கவில்லை.

நடராசா துவக்கைச் சுவரில் சாத்தினார். மிச்சத் தவிட்டையும் அள்ளி முற்றத்தில் எறிந்தார்.

"ஒரு நாள் பழக்கம் காணாது அக்கா. நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"நீர் சொல்லாட்டிலும் வருவன்," என்றாள் கமலாசனி.